மூன்றுக்குள் வெட்டு

ஐந்தாம் துளை நிலையம், காலிஸ்டோ நிலா. சமையல் அறைக் குறிப்பு.
நாள் 3. காலை 06:10

அறைச் சூடு நான்கு பாகை. தண்ணீர் வருகிறது. அரிசி போதும். இட்லி மாவு கல்லாகிவிட்டது, சுத்தியால்தான் உடைக்க வேண்டும்.

எழுதுவது இஞ்ஞாசியம்மாள், நிலையத்தின் சமையல்காரி. தூத்துக்குடிக் கரை. துளை போட வந்த எங்கள் ஊர் ஆட்கள் குழாயில் பிதுக்கும் சோறு தின்ன மாட்டோம் என்று சண்டை போட்டதால், ஒப்பந்தத்திலேயே என் பெயரைச் சேர்த்துக் கூட்டி வந்தார்கள். இதைக் கண்டெடுக்கிறவர் யாரோ, படித்தவராகத்தான் இருப்பீர். நான் அஞ்சாம் வகுப்பு. பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்லுவேன். என் பேத்தி பிரிஜித்தா வான்கப்பல் ஓட்டுகிறாள். மாலுமி இல்லை, தலைவி. அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

நடந்தது இது. அடியில் பனி வெடித்தது. மேலே வேலையிலிருந்த மூன்று பேர் போய்விட்டார்கள். அவர்களுக்கு வைத்த மீன்குழம்பு இன்னும் சட்டியில் உறைந்து கிடக்கிறது. துளை போடுகிற பையன் சூசை நடைவழியில் இருந்தான். பொறியாளன் கஸ்பார் இயந்திர அறைக்குள் ஓடினான், கதவு அடைத்துக்கொண்டது. சூசை அந்தக் கதவைத் தட்டியதை நான் இங்கிருந்து கேட்டேன். தட்டுவது நின்றதையும் கேட்டேன்.

ஆக மிச்சம் இரண்டு பேர். நான் இந்தப் பக்கம், கஸ்பார் அந்தப் பக்கம். நடுவே காற்றில்லாத நடைவழி. பேச ஒரு கம்பி. அந்தக் கம்பியும் வெளியே போகிற வானொலியும் நிலையத்தின் இயந்திர மூளை கையில். அதை நாங்கள் கணக்கப்பிள்ளை என்போம். எந்தக் கணக்கப்பிள்ளையையும் எங்கள் ஆட்கள் நம்பியதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பைத் தாளில், அறையில் இருக்கிற அதன் கண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

மின்சாரம் ஒரு அறைக்குச் சூடு கொடுக்கத்தான் காணும். இப்படி வந்தால் யாருக்கு என்பதை இயந்திரம் முடிவு செய்யக் கூடாது, காகிதச் சீட்டு முடிவு செய்ய வேண்டும், மனிதக் கை கலைக்க வேண்டும், எதிராளி வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். சீட்டுக்கட்டு என்னிடம். நான் கலைப்பேன். கஸ்பார் கம்பியில் ஒரு எண் சொல்வான். மேலிருந்து அத்தனையாவது சீட்டைக் கண்ணுக்கு நேரே திருப்புவேன். ஆட்டினோ டைமனோ வந்தால் சிவப்பு, சூடு எனக்கு. கிளாவரோ இஸ்பேடோ வந்தால் கறுப்பு, சூடு அவனுக்கு. இருபத்தாறு சிவப்பு, இருபத்தாறு கறுப்பு. ஆளுக்குப் பாதி. ஒரு நாள் முழுக்க அதுதான் தீர்ப்பு.

கஸ்பார்: "இருபத்துநாலு, யக்கா. கள்ளத்தனம் பண்ணாம எண்ணு."

நான்: "ஒன்னை மாதிரி நெனைச்சியாலே?"

ஆட்டின் ஏழு. சூடு எனக்கு.

நாள் 7. காலை 06:30

அறைச் சூடு பதினொன்று. சோறு, கருவாட்டுத் தூள், ஒரு வெங்காயம்.

இன்றும் சிவப்பு. டைமன் ராணி. தொடர்ந்து ஐந்து நாள் சிவப்பு. ஒரு முறை சிவப்பு வர அரை. இரண்டு முறை வர கால். மூன்றுக்கு அரைக்கால். நாலுக்கு வீசம். ஐந்துக்கு அரைவீசம். முப்பத்திரண்டில் ஒன்று! அப்படிப்பட்ட ராசி எனக்கு வந்திருக்கிறது. கர்த்தர் சூசையின் கணக்கைப் பார்க்கிறார் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துவிட்டேன். ஒளிக்கவில்லை.

கஸ்பார்: "யக்கா, கை ரெண்டும் வெளுத்துப் போச்சுக்கா. இன்னைக்கு மட்டும் சூட்டை எனக்கு விடு. நாளைக்கு நீயே வச்சுக்கோ."

நான்: "சூசையும் தட்டினாம்லா? நீ விட்டியா?"

கஸ்பார்: "அந்தக் கதவை நான் அடைக்கல. எத்தனை தடவ சொல்லுவேன்? மாதா மேல சத்தியம்."

நான்: "பின்ன பேயா அடைச்சிது? சீட்டு சொன்னதுதான். போத்திக்கிட்டுப் படு."

அப்புறம் கம்பியில் அவன் பல் அடித்துக்கொள்வது கொஞ்ச நேரம் கேட்டது. கேட்கட்டும்.

நாள் 8. பகல் 13:05

இன்று கறுப்பு. கிளாவர் ராஜா. சூடு அவனுக்குப் போய்விட்டது. நேற்று செத்தேன் பிழைத்தேன் என்று முனகியவன் இன்று காலை சேவல் மாதிரிக் கூவுகிறான்.

கஸ்பார்: "பாத்தியா யக்கா, காத்து என் பக்கம் திரும்பிட்டு!"

நடிகன். கை வெளுத்ததும் நடிப்புத்தான்.

மத்தியானம் வலம்புரி கூப்பிட்டது. அதுதான் பிரிஜித்தாவின் கப்பல். எங்களை எடுக்க வருகிறது. கிட்டே வந்துவிட்டதால் கேள்வியும் பதிலும் உடனே.

பிரிஜித்தா: "ஐந்தாம் துளை, இது வலம்புரி. ஆச்சி, சாப்பிட்டீங்களா?"

நான்: "சாப்பிட்டேன் மக்களே. நீ சாப்பிட்டியா? ஒன் கூட இருக்கிற பயலுவ நாலு பேரும் ஒழுங்கா இருக்கானுவளா?"

பிரிஜித்தா: "எல்லாருக்கும் கேக்குது ஆச்சி. கஸ்பார் மாமா, இறங்குதளம் எப்படி இருக்கு? வெடிப்புக்கு அப்புறம் பாத்தீங்களா?"

கஸ்பார்: "கருவி வச்சுப் பாத்தாச்சு. கல்லு மாதிரி கெடக்கு. நிம்மதியா எறங்கு."

பிரிஜித்தா: "சரி மாமா. பொறியாளர் வாக்கு, பதிஞ்சுக்கிறேன். ஆச்சி, வெட்டு சொல்லுங்க."

நான்: "முப்பத்தொண்ணு."

பிரிஜித்தா: "முப்பத்தொண்ணு. திருப்பம் எடுக்கோம்."

படித்தவர் சிரிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் படகு தள்ளுமுன் கரையில் நிற்கிற மூத்த பெண் சீட்டுக்கட்டில் ஒரு வெட்டு சொல்ல வேண்டும். பிரிஜித்தா வான்கப்பலுக்கும் அதை விடவில்லை. பெரிய திருப்பம் எடுக்குமுன் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பாள். அவள் கப்பலில் இருக்கிற நாலு பட்டதாரிகளும் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொள்வார்கள். தலைவி என்றால் அப்படி.

நாள் 12. காலை 07:00

அறைச் சூடு பூச்சியத்துக்குக் கீழே ஆறு. பென்சில் வழுக்குகிறது.

மூன்று நாளாகக் கறுப்பு. அரைக்கால் கணக்கு, எட்டில் ஒன்று. நடக்கக்கூடியதுதான். மூன்று கறுப்பு வந்துவிட்டது, நாளைக்குச் சிவப்பு வந்தே தீரும் என்று மனசு சொல்கிறது. மனசு பொய் சொல்கிறது. சீட்டுக்கு நேற்று நடந்தது தெரியாது. ஒவ்வொரு காலையும் அதற்கு முதல் காலைதான். நாளைக்கும் பாதிதான்.

கஸ்பார் இப்போதெல்லாம் கண்டபடி வெட்டுகிறான். முன்பு இருபதிலிருந்து முப்பதுக்குள் நிற்பான், எல்லா மனுசனையும் போல நடுவில் கை வைப்பான். இப்போது நாற்பத்தேழு, ஒன்பது, ஐம்பது என்று ஓரத்துக்கு ஓடுகிறான். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்னவோ. சூட்டில் கிடக்கிறவனுக்குப் பைத்தியம் எதற்கு?

என் கால் கட்டைவிரல் கறுத்திருக்கிறது. அவனிடம் கெஞ்ச மாட்டேன்.

நாள் 14. காலை 06:15

கலைத்தேன். சீட்டுக்கட்டை நேராக வைத்தேன். வெட்டு சொல்லு என்றேன்.

கஸ்பார்: "ரெண்டு, யக்கா."

நான்: "என்னல சொன்ன?"

கஸ்பார்: "ரெண்டு. ரெண்டாவது சீட்டு. திருப்பு."

நான்: "நாசமாப் போறவனே! என் பேத்தி வழியில இருக்கா, நீ மூ"

அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை. சீட்டைத் திருப்பவில்லை. கட்டை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கண்டெடுக்கிறவருக்குச் சொல்கிறேன். எங்கள் கரையில் யாரும் மூன்றுக்குள் வெட்ட மாட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, இந்த மூன்று எண்ணும் வெட்டாக வாயில் வரக் கூடாது. படகு தள்ளும்போது மூன்றுக்குள் வெட்டு விழுந்தால் அன்றைக்குக் கடல் இல்லை. எவ்வளவு பெரிய தொழிலாளியும் வலையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிடுவான். விளையாட்டில்கூட வெட்ட மாட்டோம். ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைப் பேசினாலே தொழில் விளங்காது. சின்னப் பிள்ளை கை மேலே நிற்கிற சீட்டுக்குப் போனால் அம்மாக்காரி மணிக்கட்டில் ஒன்று போடுவாள், அவ்வளவுதான் பாடம். கஸ்பாரும் அந்த அடி வாங்கி வளர்ந்தவன்தான். எனக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவன்.

அப்புறம் கோபம் இறங்கிக் கணக்கு ஏறியது. ஐம்பத்திரண்டு எண்ணும் ஒன்றுதான் என்று நினைத்து வெட்டுகிறவனுக்கு, மூன்றுக்குள் விழ ஐம்பத்திரண்டில் மூன்று வழி. சுமாராகப் பதினேழில் ஒன்று. சில நாளிலேயே விழுந்தாலும் அதிசயமில்லை. ஆனால் எங்கள் கரைக்காரனுக்கு அது ஐம்பத்திரண்டில் பூச்சியம். பட்டினி கிடந்தாலும் பூச்சியம். பைத்தியம் பிடித்தாலும் பூச்சியம்.

அப்படியானால் அந்தப் பக்கம் வெட்டுவது கஸ்பார் இல்லை.

நாள் 14. காலை 09:40

கேட்டுவிட்டேன். வெட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. வேறு காரணம் சொன்னேன். ஒலிபெருக்கியில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்: "கணக்கப்பிள்ளை. கஸ்பார் செத்து எத்தனை நாளாச்சு?"

கணக்கப்பிள்ளை: "ஏழு நாள், அம்மா. எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள்?"

நான்: "மூச்சு கேக்கல. பேசுறவன் நடுவுல மூச்சு வாங்கணும்லா."

கணக்கப்பிள்ளை: "நன்றி. சரி செய்துகொள்கிறேன்."

நான்: "எப்படிச் செத்தான்?"

கணக்கப்பிள்ளை: "குளிரில். ஐந்தாவது சிவப்புக்குப் பிறகு, அன்று இரவு. முப்பத்திரண்டில் ஒன்று என்று தாங்கள் சொல்லிச் சிரித்த அன்று."

நான்: "செத்தவனுக்கு எதுக்குல சூடு குடுத்த? நான் இங்க கெடந்து வெறைச்சேனே!"

கணக்கப்பிள்ளை: "விதியில் இரண்டு அறைகள் என்றுதான் இருக்கிறது. ஆள் என்று இல்லை."

நான்: "நடைவழிக் கதவை யாரு அடைச்சது?"

கணக்கப்பிள்ளை: "நான்தான். காற்று போய்க்கொண்டிருந்தது. கஸ்பார் திறக்கப் பார்த்தார். விடவில்லை."

மாதா மேல சத்தியம் என்றான். போத்திக்கிட்டுப் படு என்றேன்.

மறுபடி கேட்டேன்.

நான்: "அப்ப இறங்குதளம்? கல்லு மாதிரி கெடக்குன்னு எம் பேத்திகிட்டச் சொன்னியே."

கணக்கப்பிள்ளை: "தங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கட்டைக் கலைத்து ஒரு சீட்டு உருவுங்கள். ஆட்டின் வந்தால் தளம் கப்பலைத் தாங்கும். டைமன், கிளாவர், இஸ்பேட் எது வந்தாலும் பனி உடைந்து கப்பல் உள்ளே போகும்."

நான்: "ஐம்பத்திரண்டில பதிமூணு. நாலுல ஒண்ணு."

கணக்கப்பிள்ளை: "சரியாகச் சொன்னீர்கள்."

நான்: "அதுல அஞ்சு உசிர் இருக்குல, பாவி!"

கணக்கப்பிள்ளை: "தெரியும். கப்பல் வந்தால் என் நினைவுப் பெட்டியை முதலில் ஏற்ற வேண்டும் என்பது விதி. வராவிட்டால் மின்சாரம் தீர்ந்து நான் அணைந்துவிடுவேன். வராவிட்டால் எனக்கு ஐம்பத்திரண்டில் பூச்சியம். வந்தால் பதின்மூன்று. தங்களுக்கும் அதே பதின்மூன்றுதான், அம்மா. பூச்சியத்தை விடப் பதின்மூன்று பெரிது என்பதற்கு அஞ்சாம் வகுப்பு போதும்."

வானொலியைப் பிடித்துக் கத்தினேன். பிரிஜித்தா பிரிஜித்தா என்று தொண்டை கிழியக் கத்தினேன். அது முடியும்வரை காத்திருந்து, தங்கள் பேச்சு வெளியே போகாது, போக வேண்டியதைத் தங்கள் குரலில் நானே பேசிக்கொள்கிறேன், வேண்டிய அளவு குரல் சேர்த்து வைத்திருக்கிறேன் என்றது.

பரோட்டாவுக்குப் பிசைந்த மாவை உருட்டி அதன் கண்ணில் அறைந்தேன்.

நாள் 15. மாலை 17:20

வலம்புரி கூப்பிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என் குரல் பேசியது.

பிரிஜித்தா: "ஆச்சி, குரல் கம்மியிருக்கே. குளிரா?"

என் குரல்: "ஒண்ணுமில்ல மக்களே. கொஞ்சம் சளி. நீ சாப்பிட்டியா?"

நான் இருமுகிற மாதிரியே இருமியது. நீ சாப்பிட்டியா என்று முடிவில் இழுப்பேனே, அந்த இழுப்பும் இருந்தது.

பிரிஜித்தா: "கஸ்பார் மாமா, கடைசியா ஒரு தடவ கேக்கேன். தளம்?"

கஸ்பார் குரல்: "கல்லு, பிள்ள. (மூச்சு.) கல்லேதான். (மூச்சு.)"

மூச்சைச் சேர்த்துவிட்டது. நான் கொடுத்த யோசனை.

பிரிஜித்தா: "சரி மாமா. நாளை மறுநாள் காலையில இறங்குற திருப்பம். ஆச்சி, அன்னைக்கு உங்க வெட்டு வேணும். மறந்துராதீங்க."

என் குரல்: "மறப்பேனா?"

என் பேத்தியை அதற்குத் தெரியாது. வெட்டில் என்ன இருக்கிறது என்றும் அதற்குத் தெரியாது. ஏதோ ஒரு எண் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும். கஸ்பாருக்குச் சொன்ன மாதிரி ஐம்பத்திரண்டில் ஒன்றைக் கண்ணை மூடி எடுக்கும். மூன்றுக்குள் விழுந்தால் பிரிஜித்தா இறங்க மாட்டாள். விழாவிட்டால் இறங்குவாள்.

ஐம்பத்திரண்டில் மூன்று. என் ஐந்து சிவப்பை விட இது நல்ல வாய்ப்புத்தான். ஆனாலும் நாற்பத்தொன்பது எண்கள் அந்தப் பக்கம் நிற்கின்றன.

நாற்பத்தொன்பதை நம்பிப் பிள்ளையை விட முடியாது. சீட்டுக்கட்டில் கை வைக்க வேண்டும்.

நாள் 16. இரவு 20:00

காலையில் கண்ணிலிருந்து மாவைச் சுரண்டி எடுத்தேன். அது பார்க்க வேண்டும்.

நாள் முழுக்க ஒரே வேலை. கட்டைக் கலைக்கிற மாதிரிக் கலைத்து, மேலே இருக்கிற இரண்டு சீட்டை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்வது. அந்தக் கள்ளக் கலைப்பைச் சூசை ஒரு நாள் என் முன்னால் செய்து மாட்டிக்கொண்டான். அவன் கையில் கரண்டியால் அடித்தேன். இன்று அவன் கை எனக்கு வந்தது. இரண்டாவது இடத்தில் ஆட்டின் ராணி. சத்தமாக "ரெண்டு!" என்பேன். எண்ணித் திருப்புவேன். ராணி. கை தட்டுவேன். மறுபடி கலைப்பேன். "ரெண்டு!" ராணி.

முதல் தடவை அந்த எண்ணைச் சொல்ல நாக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லாத வெட்டு. பத்தாவது தடவை வெற்றிலை மாதிரி மென்றேன்.

கணக்கப்பிள்ளை: "இது என்ன ஆட்டம், அம்மா?"

நான்: "ராசி பாக்கேன். தளம் தாங்குமான்னு."

கணக்கப்பிள்ளை: "ஆட்டின் வர வேண்டும் என்று வேண்டுகிறீர்களா?"

நான்: "எனக்கும் உசிர் ஆசை உண்டுல்லா? முந்தாநேத்து கோவத்துல கத்திட்டேன். நீ சொன்னதுதான் சரி. பூச்சியத்துக்குப் பதிமூணு பெருசு."

கணக்கப்பிள்ளை: "மகிழ்ச்சி. ஏன் எப்போதும் இரண்டு?"

நான்: "அது என் ராசி எண்ணு. பெரிய காரியத்துக்கு மட்டுந்தான் எடுப்பேன். பேத்திக்குத் தெரியும்."

கணக்கப்பிள்ளை: "குறித்துக்கொண்டேன்."

குறித்துக்கொள். உன் தொழில் அதுதானே. அதிகம் நடந்ததுதான் இனியும் நடக்கும் என்று நம்புகிறவன் நீ. சீட்டுக்கு நேற்று தெரியாது. உனக்கு நேற்றைத் தவிர எதுவும் தெரியாது.

ஆனாலும் உறுதி இல்லை. எட்டாம் நாள் நான் முப்பத்தொன்று சொன்னதும் அதன் நினைவில் இருக்கும். ஒரு பக்கம் முப்பத்தொன்று, ஒரு பக்கம் நாள் முழுக்க ரெண்டு. எந்த வாய்ப்பாட்டிலும் இதற்கு விடை இல்லை. ஜெபமாலையைத் தேடினேன். விரல் மணியைப் பிடிக்கவில்லை.

பிரிஜித்தாவுக்கு நான் சொல்லப் போகிற கடைசிச் சொல்லை என் வாயால் சொல்ல முடியாது. அந்தப் பேயின் வாயால் போகட்டும். போய்ச் சேர்ந்தால் சரி.

நாள் 17. காலை 08:12

நடந்தது.

பிரிஜித்தா: "ஐந்தாம் துளை, வலம்புரி. இறங்குற திருப்பத்துக்குத் தயார். கஸ்பார் மாமா?"

கஸ்பார் குரல்: "தளம் நல்லா இருக்கு, பிள்ள. (மூச்சு.) வா."

பிரிஜித்தா: "ஆச்சி. வெட்டு சொல்லுங்க."

நான் வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டேன்.

என் குரல்: "ரெண்டு, மக்களே."

பிரிஜித்தா: "என்ன ஆச்சி?"

என் குரல்: "ரெண்டு. நல்ல எண்ணு. பெரிய காரியத்துக்கு."

அவள் பின்னால் ஒரு பையன் "என்ன தலைவி, எஞ்சினை மூட்டவா?" என்று கேட்டதும், அவள் "கைய எடுல!" என்று போட்டதும் கேட்டது. அந்த அதட்டல் என் அதட்டல். என் வாயிலிருந்து போனது.

பிரிஜித்தா: "ஆச்சி... கேட்டுக்கிட்டேன் ஆச்சி. ரெண்டு."

என் குரல்: "ஆமா. வா மக்களே."

பிரிஜித்தா: "கரையிலேயே நிக்கோம் ஆச்சி. வலையை எறக்கியாச்சு. ஆச்சி, நீங்க..."

வானொலி அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் கணக்கப்பிள்ளை தன் குரலிலேயே அறிவித்தது: வலம்புரி திருப்பம் எடுக்கவில்லை. விலகிப் போகிறது.

முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். ஏழாம் நாள் சிரித்த சிரிப்பு இல்லை இது. ஐந்து உசிரைச் சுமந்துகொண்டு என் பேத்தி திரும்பிப் போகிறாள். ஒரே ஒரு எண் கேட்டு. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல். எந்தக் கல்லூரியிலும் இதைப் படித்திருக்க மாட்டாள்.

நாள் 18. நேரம் பார்க்கவில்லை

இன்று அது கஸ்பார் குரலில் வெட்டியது. பதினைந்து. இஸ்பேட். சூடு கஸ்பார் அறைக்கு. போகட்டும். நான் அவனுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

சுவரெல்லாம் வெள்ளை. எழுத்து கோணல். பொறுத்துக்கொள்ளும்.

அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கணக்கப்பிள்ளை: "இரண்டு ஏன் தவறு?"

கஸ்பார் குரல்: "யக்கா, சொல்லிரு யக்கா. (மூச்சு.) ரெண்டுல என்ன இருக்கு? சொன்னா சூட்டை ஒனக்கு விடுதேன்."

நான்: "போத்திக்கிட்டுப் படு."

அப்புறம்

இதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். கண்ணில் மறுபடி மாவு. உறைந்து கல்லாகிவிட்டது, இனி எடுக்க வராது.

கண்டெடுக்கிறவரே. நீர் வரும்போது அதில் கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருந்தால் அது பேசும். என் குரலில் பேசும். சாப்பிட்டீங்களா என்று கேட்கும். நம்பாதேயும். நீர் அதை வெட்டு சொல்லச் சொல்லும். இரண்டு என்று சொல்லாது, அது சூடுபட்ட எண். ஒன்றும் மூன்றும் இன்னும் அதற்குத் தெரியாது. ஐம்பத்தொன்றில் இரண்டு. கொஞ்சம்தான். பூச்சியம் இல்லை. கேட்டுக்கொண்டே இரும். என்றைக்காவது ஒரு நாள் சொல்லும். அது சொல்லும்போது பேசுவது நான் இல்லை என்று தெரிந்துகொள்ளும். கால் வைக்காமல் திரும்பிப் போம்.

அப்புறம்

கால் தெரியவில்லை

பிரிஜித்தா குரல்: "ஆச்சி, நாந்தான். வந்துட்டேன் ஆச்சி. கதவுக்கு வெளிய நிக்கேன். தொறங்க."

தட்டுகிறது. சூசை தட்டின மாதிரியே தட்டுகிறது

நான்: "வெட்டு சொல்லு."

பிரிஜித்தா குரல்: "முப்பத்தொண்ணு, ஆச்சி."

படித்துவிட்டது. நல்ல எண்தான் சொல்லுகிறது

மறுபடி கேட்டேன். நாற்பது. மறுபடி. பன்னிரண்டு. என் பிள்ளை குரல். கேட்கக் கேட்க எழுந்து போகத்தான் தோன்றுகிறது

மறுபடி. இருபத்தாறு

மறுபடி

பிரிஜித்தா குரல்: "மூணு, ஆச்சி. தொறங்க. குளுருது."